இரண்டு முழங்கையிலும் பஞ்சு

1

லண்டனில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரிலிருந்து எழுதிக் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கூழ் காய்ச்சுகிறேன். வேதியியலில் பட்டம் வாங்கி, கடல் கடந்து வந்து, காலையில் வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குடுவையில் உருளைக்கிழங்கு மாவைக் கரைத்து, அடுப்பில் காட்டிக் கை விடாமல் சுழற்றுகிறேன்.

முதலில் அது மோர் போல ஓடும். பிறகு சட்டென்று இறுகிக் குடுவையை அசைக்க முடியாதபடி கனக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தில் பயந்து இறக்கிவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தானாகவே இளகி, தெளிந்து, பெரிய குமிழிகளாக வெடிக்கும். அதுதான் பதம். உடனே உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, நீளத் தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கெட்டித் தயிர் போல உறையும். அதில் கீறல் போட்டு, மனித இரத்தத்தின் தெளிநீரில் நனைத்த காகிதத் துண்டுகளை வரிசையாகச் செருகி மின்சாரம் பாய்ச்சுவோம். தெளிநீரில் உள்ள புரதங்கள் கூழுக்குள் ஊர்ந்து போய் அததற்கு உரிய இடத்தில் நின்றுகொள்ளும். சாயம் ஏற்றினால் நீலக் கோடுகள் தெரியும். ஒருவருக்கு ஓரிடத்தில் ஒரு கோடு. இன்னொருவருக்கு அதே இடத்தில் இரண்டு.

இந்தக் கோடுகளை வைத்துத்தான் எங்கள் ஆய்வுக்கூடம் மனிதர்கள் எதில் எதில் வேறுபடுகிறார்கள் என்று பார்க்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ தெளிநீர்க் குழாய்கள் வருகின்றன. முகம் வருவதில்லை, எண் வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குப் பதம் கிடைத்துவிட்டது. கூடத்தை நடத்தும் டாக்டர் ஆச்சரியப்பட்டார். "இதை எங்கே கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கம், கொச்சங்காடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் என்றேன். மாசி மாதத்தில் கூழ்வற்றலுக்கு அம்மா அரிசிக்கூழ் கிளறும்போது இதே இடத்தில்தான் நான் கரண்டியை விட்டுவிடப் பார்ப்பேன்.

"இறுகுதுன்னு கையெடுத்தா ஆச்சு, கோந்துதான் கிட்டும். கிளறு குட்டி. அது இளகும்" என்பாள்.

2

டாக்டரை எனக்கு அங்கேயே தெரியும். கேரளம் தனி மாநிலமான ஆண்டு அது. நான் எர்ணாகுளத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். மட்டாஞ்சேரியில் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து இறங்கியிருப்பதாகவும், ஆங்கிலமும் தமிழும் மலையாளமும் தெரிந்த பெண் வேண்டுமென்றும் அப்பா கேள்விப்பட்டு வந்தார். அப்பா ஒரு மிளகுக் கிட்டங்கியில் கணக்கர்.

ஒரு நடைதூரத்துக்குள் கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ், மலையாளம் என்று இத்தனை வகை மக்கள் நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்தும் பெண் கொடுத்து எடுக்காமல் இருப்பது குழுவுக்கு வியப்பு. எங்களுக்கு அது வியப்பாக இருந்ததே இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று மேசை போட்டார்கள். ஒன்றில் உடம்பை அளப்பவர். மண்டை, மூக்கு, கைநீளம் எல்லாம் இடுக்கி போன்ற கருவியால் அளப்பார். ஒன்றில் மனத்தைச் சோதிப்பவர். படங்களைக் காட்டிக் கேள்வி கேட்பார். மூன்றாவது டாக்டருடையது, இரத்தம். உடம்பு, மனம், இரத்தம் மூன்றையும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் பார்த்து ஒன்றோடொன்று சேர்த்து யோசிப்பதுதான் அவர்கள் கொண்டுவந்த புதுமை.

தமிழ் வீடுகளைக் கூட்டி வருவது என் பொறுப்பு. டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். "ஒவ்வொரு கூட்டத்திலும் இத்தனை பெண்கள் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது." நான் வீட்டில் வந்து இதைச் சொல்லிப் புலம்பினேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்கு இரத்தம் கொடு என்று யார் வீட்டுப் பெண்ணை நான் கேட்பது?

அம்மா நான்கு வீடு ஏறி இறங்கினாள். கேட்டவர்களிடம், "ஒரு துள்ளி சோரைதானே, கொசு குடிக்கறதில்லியா?" என்றாளாம். எண்ணிக்கை சரியாக வந்தது. அதில் அம்மாவும் அத்தையும் அடக்கம்.

கமலம் அத்தை அப்பாவின் அக்கா. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடேயே இருந்தவள். அவளுக்குத் தான் வேற்றாள் என்று தோன்றிவிடக் கூடாது என்பது வீட்டின் சட்டம். ஓணத்துக்குச் சேலை எடுத்தால் அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே துணிக்கட்டிலிருந்து ஒரே நிறம், ஒரே கரை. அந்த ஆண்டு இலைப்பச்சை, மஞ்சள் கரை. இருவரும் அதைத்தான் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

வழி முழுக்க அத்தையின் பயப் புலம்பல் கேட்டது. "கோடாலி கொண்டு வெட்டினாலும் நான் சகிப்பேன் பார்வதி, ஊசின்னா எனக்குப் பேடி."

"கண்ண மூடிட்டு இருங்க நாத்தூனாரே. முடிஞ்சு ஒரு சாயா குடிச்சா எல்லாம் மாறும்."

"சாயா நீ குடி. எனக்கு உயிர் இருந்தா மதி."

படம் காட்டும் மேசையில் அம்மாவால் ஒரு ரகளை. இரண்டு கோடுகள், ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி. எது நீளம் என்று கேட்டார்கள். அம்மா குனிந்து விரலை வைத்து அளக்க ஆரம்பித்தாள். அளக்கக் கூடாது, கண்ணால் பார்த்துச் சொன்னால் போதும் என்று நான் மொழிபெயர்த்தேன்.

"அளக்காம எப்படிச் சொல்றது? சாக்கைப் பாத்தே மிளகு எத்தனை ராத்தல்னு உங்கப்பா சொல்லுவாரா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மனச்சோதனைக்காரரும் சிரித்தார். அவர் தாளில் என்ன குறித்துக்கொண்டார் என்று தெரியாது.

அதற்குப் பிறகு நான் பின்னறைக்குப் போய்விட்டேன். கையால் சுற்றும் யந்திரத்தில் குழாய்களை வைத்துச் சுழற்றித் தெளிநீரைப் பிரிப்பது என் வேலை. முன்னறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. குழாய்கள் வந்தன. எண் முப்பத்து மூன்று அம்மா. முப்பத்து நான்கு அத்தை.

இறால் ஏற்றுமதி செய்பவர்களிடம் ஐஸ் வாங்கி, குழாய்களை அதில் புதைத்து விமானத்தில் அனுப்பினோம். கூடவே போன தாளில் இப்படி எழுத வேண்டும் என்றார்கள்: மனித உடற்பொருள், விலைமதிப்பு ஏதுமில்லை. நான்தான் தட்டச்சு செய்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா அடுக்களைப் படியில் இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்கையிலும் பஞ்சு.

"இதென்னம்மா, ரெண்டு கையிலும்?"

"முதல் கையில நரம்பு கிட்டலை. பாவம், அந்த ஆளு வேர்த்து ஒழுகி நின்னான். அதான் மத்தக் கையும் காட்டினேன்."

மறுநாள் காலையில் தெருக்குழாயிலிருந்து அம்மா தூக்கி வந்த குடத்தை அத்தை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாள். குடத்தைத் தொட்டால் வளையல் உடையும் என்று சொல்லித் தப்புகிறவள் அவள். "நீ இரி பார்வதி. ரெண்டு கையும் நோகும் உனக்கு" என்றாள். நான் அதைக் கேட்டேன். அப்போது அதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

3

கல்யாணமாகி நான் லண்டன் வந்தபோது டாக்டருக்கு எழுதினேன். யந்திரம் சுழற்றிய பெண்ணை அவர் மறக்கவில்லை. வேலை கிடைத்தது.

சேர்வதற்கு முன் ஓர் அலுவலகத்தில் தாள் நிரப்ப வேண்டியிருந்தது. பிறந்த நாடு, மாநிலம். கொச்சி சமஸ்தானம் என்று எழுதினேன். குமாஸ்தா தன் பட்டியலில் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று இல்லை என்றார். அது திருவிதாங்கூரோடு சேர்ந்துவிட்டது என்றேன். அதுவும் இல்லை என்றார். இப்போது கேரளம் என்றேன். "நீங்கள் எத்தனை இடத்தில் பிறந்தீர்கள் அம்மா?" என்றார். நகைச்சுவைக்காகத்தான் சொன்னார். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதினேன். ஆனால் இங்கே இருக்கும் மதுரைக்காரர்கள் என் தமிழைத் தமிழ் என்று ஒத்துக்கொள்வதில்லை. சாயா என்றால் சிரிப்பார்கள். கப்பை வேகவைத்தேன் என்றால் என்னவென்று கேட்பார்கள், மரவள்ளிக்கிழங்கு என்று சொல்ல வேண்டும். மலையாளிகளோ என்னைப் பாண்டிநாட்டுக்காரி என்கிறார்கள்.

வேலைக்குப் போன முதல் நாள் உறைபெட்டியைத் திறந்து காட்டினார்கள். மட்டாஞ்சேரிக் குழாய்களை அடுக்கிய தட்டு இரண்டாவது அடுக்கில் இருந்தது. முப்பத்து மூன்றை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தேன். சுண்டுவிரல் நீளக் குழாய். அடியில் மஞ்சளாக உறைந்த கொஞ்சம் நீர். அம்மாவுக்கு எழுதினேன்: உன் இரத்தம் இங்கே பத்திரமாக இருக்கிறது. பதில் வந்தது, அப்பா கையெழுத்தில், அம்மா சொல்லச் சொல்ல: 'அங்கே குளிர் அதிகமாமே, நீ காது மூடிக்கொள். என் இரத்தம் கிடக்கட்டும்.'

மூன்று ஆண்டுகளுக்கு முன், பனி உருகவே மறுத்த அந்தக் குளிர்காலத்தில், அம்மா போய்விட்டாள் என்று தந்தி வந்தது. எனக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும், தந்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகன் இல்லாத அவளுக்குப் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான்.

கல்யாணமான மகளுக்கு மூன்று நாள் தீட்டு. கேட்டவுடன் தலைமுழுக வேண்டும். மாடியில் நான்கு குடித்தனத்துக்கும் பொதுவான குளியலறை. அன்று வெந்நீருக்கு எங்கள் முறை இல்லை. நான் குளிர்ந்த நீரை எடுத்து ஊற்றிக்கொண்டேன். வீட்டுக்காரி கதவைத் தட்டி, இந்தக் குளிரில், இந்த நிலையில், பைத்தியமா என்று கத்தினாள். என் கணவர் படியில் நின்று அவளுக்கு விளக்க முயன்றார். எங்கள் வழக்கம் என்றார். அவள், "செத்தவருக்காக நீங்கள் சாக வேண்டுமா?" என்று கேட்டாள். அன்று மாலை அவளே சூப் வைத்துக் கொண்டுவந்து கதவருகில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினைந்து நாளில் மகள் பிறந்தாள். பார்வதி. கூப்பிடுவது பாரு. என்னிடம் ஆங்கிலத்தில் பேசுகிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். சுவரில் இருக்கும் அம்மாவின் படத்தைக் காட்டி இது யார் என்றால், "உன் அம்மா" என்பாள். உன் பாட்டி என்று திருத்துவேன். "இல்லை, உன்னுடைய அம்மா" என்பாள் திரும்பவும். அவள் சொல்வது தப்பில்லை.

மறுபடி வேலைக்குப் போனபோது டாக்டர் என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார். நான் உறைபெட்டியை நானாகத் திறப்பதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் அது இருந்தது. ஊரில் சாம்பலையும் கரைத்துவிட்டார்கள். இங்கே அம்மாவின் உடம்பிலிருந்து வந்த ஒரு துளி, பூஜ்யத்துக்குக் கீழே, கெடாமல் இருந்தது. எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

4

இந்த ஆண்டு திதிக்கு முந்தின வாரம் டாக்டர் மட்டாஞ்சேரித் தட்டை வெளியே எடுக்கச் சொன்னார். இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்று உண்டு. பெரும்பாலோருக்கு அது ஒரே கோடாக விழும். அபூர்வமாகச் சிலருக்குப் பின்னால் மெதுவாக ஊரும் இன்னொரு கோடும் சேர்ந்து விழும். எந்தெந்த மக்களிடம் அந்த இரண்டாம் கோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முப்பத்து மூன்றில் ஒரு தடவைக்குத்தான் மீதி இருந்தது. எடுத்தபோதே அதில் குறைவாகத்தான் வந்தது; முந்தைய சோதனைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்திருந்தது.

"இந்த ஒன்றை விட்டுவிடலாமா?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்த எண் யாருடையது என்று தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சோதிக்காமல் வைத்திருந்தால் அது வெறும் குழாய். நீ இல்லை என்றால் வேறு யாரையாவது செய்யச் சொல்கிறேன்."

"வேண்டாம். நானே செய்கிறேன்."

கூழைக் காய்ச்சினேன். ஆறியதும் கீறல் போட்டேன். குழாயைக் கையில் பொத்திவைத்து உருக்கினேன். அதற்கு இதமான நீர்த்தொட்டி இருக்கிறது. நான் கையில்தான் வைத்திருந்தேன். காகிதத் துண்டு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. குழாய் காலி.

மறுநாள் காலை சாயத்தைக் கழுவியதும் பார்த்தேன். வரிசையில் எல்லாருக்கும் ஒரு கோடு. முப்பத்து மூன்றில் இரண்டு. முப்பத்து நான்கிலும் இரண்டு.

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விசிலடித்தார். "ஒரே வீட்டில் இருவர்! உன் அம்மாவும் அத்தையும் சொந்தமா? முறைக்கல்யாணமா?"

"இல்லை. அம்மா பாலக்காட்டுக்காரி. அப்பா வழியில் அவளுக்கு ஒரு சொந்தமும் இல்லை."

"அப்படியென்றால் இன்னும் நல்லது. சொந்தமே இல்லாத இருவர். அப்போது அந்தக் கூட்டத்தில் இது இன்னும் பலரிடம் இருக்க வேண்டும். இதைக் கட்டுரையில் தனியாகவே எழுதலாம். முப்பத்து நான்கில் நிறைய மீதி இருக்கிறது இல்லையா? பத்திரமாக வை. பாதியை வேறு நாட்டுக் கூடத்துக்கும் அனுப்பலாம்."

நான் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு வரிசையும் ஒருவர் நிழலும் அவரும் போல ஒன்றாக இருந்தன. அப்போது அடுக்களைப் படியில் மடக்கி வைத்த இரண்டு கைகள் என் கண் முன்னால் வந்தன.

5

அது வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் விடுமுறை எனக்கு யோசிக்கக் கிடைத்தது. எதையும் வரிசை போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். சமையலறை மேசையில் உட்கார்ந்து காய்கறிச் சீட்டின் பின்னால் எழுதினேன்.

ஒன்று: இரத்தப் பிரிவுகளை அந்தக் காலத்திலேயே பார்த்திருந்தார்கள். கூடத்துப் பதிவு அட்டையில் முப்பத்து மூன்றும் முப்பத்து நான்கும் ஒரு பிரிவு விடாமல் ஒத்துப்போகின்றன. இரண்டு: சொந்தமில்லை. மூன்று: இரண்டு கையிலும் பஞ்சு. நான்கு: குடம். ஐந்து: ஒரே சேலை.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அத்தை ஊசியைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். வரிசையில் அவள் கடைசி. அவள் போய்விட்டால் ஒருவர் குறைவு. மகள் இத்தனை நாள் அலைந்தது வீண். அம்மா அத்தையின் எண் சீட்டை வாங்கிக்கொண்டு, இலைப்பச்சைச் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இன்னொரு தடவை போய் உட்கார்ந்தாள். மற்றக் கையை நீட்டினாள். மனிதர்கள் எதில் வேறுபடுகிறார்கள் என்று தேடி அத்தனை தூரம் வந்தவருக்கு, நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் பேதம் வரக் கூடாதென்று எடுத்த சேலைக்குள் இரண்டு பேரும் ஒன்றாகத் தெரிந்தார்கள்.

என்னிடம் சொன்னால் நான் அந்தக் குழாயை எடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் நரம்பு கிட்டவில்லை என்றாள்.

என் கணவர் சீட்டை வாங்கிப் படித்தார். தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பவர். அவசரப்பட்டு எதையும் சொல்ல மாட்டார்.

"சொல்லாம விட்டா?"

"அபூர்வமான குழாய்னு பத்திரமா வச்சிருப்பாங்க. பல வருஷம்."

"சொன்னா?"

"ஆள் மாறின குழாய். கொட்டிடணும். அதான் விதி."

அவர் சீட்டை மேசையில் வைத்தார். பாரு நாற்காலியில் ஏறி, அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சீட்டில் கோடு கிறுக்கினாள். "உங்கம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

கிடக்கட்டும் என்றுதான் சொல்வாள். ஆனால் எதைக் கிடக்கட்டும் என்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்க, சொல்ல வேண்டாம் என்றே இருந்தேன். ஒரு பெயர்தானே. வேறு பெயரில் இருந்தாலும் இருப்பது அவள்தானே. முப்பத்து மூன்று தீர்ந்த மறுநாளே அவள் இன்னொரு குழாயில் வந்து நிற்கிறாள். அதையும் நான் என் வாயாலேயே இல்லாமல் செய்ய வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை திதி. ஐயர் இல்லை, காக்கை இல்லை, புறாக்கள் உண்டு. சோறு வடித்து, வாழைக்காய் கிடைக்காமல் உருளைக்கிழங்கு வறுத்து, இலைக்குப் பதில் தட்டில் படைத்தேன். படத்துக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியது இதுதான். எண்ணிக்கை குறையக் கூடாது என்று கை நீட்டியவள் அவள். என் வேலை சரியாக வர வேண்டும் என்று. அந்த வேலையில் இப்போது ஒருபோதும் இருந்திராத ஒரு பெண் நிற்கிறாள். அத்தை இன்றும் கொச்சங்காடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உயிரோடிருக்கிறாள். அவளுக்கு இல்லாத கோடு அவள் பெயரில் ஊர் ஊராகப் போகப்போகிறது. அம்மாவோ, பெயரில்லாமல்.

6

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். பஞ்சு, குடம், சேலை எல்லாவற்றையும். அவர் அட்டைகளை எடுத்து அருகருகே வைத்து, ஒவ்வொரு பிரிவாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டு போனார். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இரண்டு தடவையும் என் எதிரில்தான் உட்கார்ந்தாரா?"

"ஆமாம்."

"நான் முகத்தைப் பார்க்கவே இல்லையா?"

"நீங்கள் கையைத்தான் பார்த்தீர்கள் டாக்டர்."

அவர் முகம் சிவந்தது. கோபம் இல்லை. முப்பத்து நான்கின் குறுக்கே கோடு போட்டார். தமிழ்க் கூட்டம் ஓர் ஆள் குறைந்தது. இத்தனை காலம் கழித்து, அன்றைக்குக் குறைய வேண்டியது குறைந்தது. இனி அந்தக் கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது என்று அவர் தனக்குள் முணுமுணுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது."

"தெரியும்."

"விதிப்படி அந்தக் குழாய்..."

"தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொட்டுவதற்கு முன் அதில் ஒரு துளி எடுத்துக்கொள்ளட்டுமா? பக்கத்தில் என் இரத்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும்."

அவர் அட்டைகளைத் திரும்ப அடுக்கினார். "பதிவில் சேராது. சனிக்கிழமை வந்து செய்துகொள்" என்றார். பிறகு, "சரிபாதி வாய்ப்புத்தான். உனக்குத் தெரியும்" என்றார்.

தெரியும். அந்த இரண்டாம் கோடு அம்மாவுக்கு இருந்தால், பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம். நாணயத்தைச் சுண்டிப் போடுவது போலத்தான். இந்தக் கூடத்தில் பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். வெறும் கணக்கு என்று சொல்லிக்கொடுப்பேன். அந்த வாரம் முழுக்க பேருந்திலும் அடுப்படியிலும் அந்தக் கணக்கைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை. எனக்கு வந்திருந்தால் போதும். குழாய் போகட்டும், உறைபெட்டி போகட்டும். என்னிடம் இருந்தால் பாருவிடமும் இருக்கலாம்.

7

வெள்ளி மாலை கூழ் ஊற்றி இரண்டு காகிதத் துண்டுகளை மட்டும் செருகி வைத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை கணவருக்கு வேலை. பாருவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளை உயரமான முக்காலியில் உட்கார வைத்து, தட்டைச் சாயத்தில் முக்கினேன். முதலில் எல்லாமே நீலமாக இருக்கும். கழுவக் கழுவக் கூழ் வெளுத்து, கோடுகள் மட்டும் நிற்கும்.

கழுவினேன். மறுபடி கழுவினேன்.

அம்மாவுக்கு இரண்டு. எனக்கு ஒன்று.

வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இதெல்லாம் புதிதாக வந்தவர்கள் செய்வது; கோடு இருந்தால் தெரியும். என் வரிசையில், அம்மாவின் இரண்டாம் கோட்டுக்கு நேராக, வெறும் கூழ்தான் வெளுப்பாக இருந்தது.

பாரு எட்டிப் பார்த்தாள். "அது யார்?" என்றாள் ஆங்கிலத்தில்.

"பாட்டி."

"உன் அம்மாவா?"

"ஆமா. என் அம்மா."

"இது?"

"நான்."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவங்களுக்கு ரெண்டு இருக்கு. உனக்கு ஏன் குடுக்கலை?" அதையும் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் தமிழில் எழுதியிருக்கிறேன்.

அவள் கொடுக்காதது எதுவும் இல்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் அவள் தட்டின் மேல் குனிந்துவிட்டாள்.

"நான் எங்கே?" என்று தட்டில் தேடினாள்.

"நீ இதுல இல்லை."

பிறகு முப்பத்து நான்கை எடுத்து மற்றக் கழிவுகளோடு நீராவிப் பானையில் வைத்து மூடினேன். அழுத்தம் ஏறும் வரை நின்றேன். நேரம் முடிந்ததும் திறந்தேன். தெளிநீர் வேகவைத்த முட்டை வெள்ளை போலக் கட்டியாகிக் குழாயின் அடியில் ஒட்டியிருந்தது. அதைக் கொட்டிக் குழாயைக் கழுவினேன். அத்தையின் எண் எழுதிய காகிதம் ஊறித் தானாகக் கழன்று வந்தது. தட்டிலிருந்த கூழை வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும். அதையும் போட்டேன். பாருவுக்குக் கோட்டு மாட்டிவிட்டேன். பித்தானை அவளே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்தாள். விட்டேன்.

திங்கட்கிழமை வேறு ஒரு தேசத்திலிருந்து புதிய தட்டு வந்தது. முகம் தெரியாத எண்கள். மாவைக் கரைத்துக் குடுவையை அடுப்பில் காட்டிச் சுழற்றினேன். இறுகிக் கனத்தது. பக்கத்தில் நின்ற, பயிற்சிக்குப் புதிதாக வந்த பெண் இறக்கிவிடலாமே என்றாள். இல்லை, பொறு என்றேன். கொஞ்ச நேரத்தில் இளகியது. தட்டில் ஊற்றிவிட்டுக் குடுவையைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கையும் நோகிறது.